மங்கலும் ஓர் அளவுகோல்

மாலையில் குழல்விளக்கைப் போட்டதும் சுவரில் சின்னப் பூச்சிகள் வந்து உட்காரும். சற்று நேரத்தில் அவற்றைத் தேடி ஒரு சிலந்தி வரும். அது வலை கட்டாது. நாலடி நகரும், நிற்கும், மறுபடி நகரும். நாம் அருகில் போனால் ஓடி ஒளியாமல் உடலைத் திருப்பி நேருக்கு நேராக நம்மைப் பார்க்கும். இதுதான் குதிக்கும் சிலந்தி. தமிழ்நாட்டு வீடுகளில் அடிக்கடி கண்ணில் படுவது பிளெக்ஸிப்பஸ் பேகுல்லி என்ற இனம். ஆணுக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் இருக்கும், பெண் பழுப்பு. நீளம் ஏறத்தாழ 1 செ.மீ.

இதன் முகத்தைப் படமெடுக்க முயல்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வார்கள். நடுவில் இருக்கும் இரண்டு பெரிய கண்களும் தெளிவாக விழுந்தால், முன்னால் நீட்டியிருக்கும் கால் மங்கிவிடும். காலைப் பிடித்தால் கண் போய்விடும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் 2 மி.மீ.கூட இருக்காது. கேமராவுக்கு அதுவே தாண்ட முடியாத பள்ளம்.

லென்ஸ் ஒரு தூரத்தை மட்டுமே முழுக் கூர்மையாகப் பார்க்கும். சிலந்தியின் உடலில் ஒரு ரோமத்தின் நுனியை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து கிளம்பும் ஒளி விரிந்துகொண்டே வந்து லென்ஸின் முகம் முழுவதிலும் படுகிறது. லென்ஸ் அதை மடக்கி மறுபடி ஒரு புள்ளியில் சேர்க்கிறது. அந்தப் புள்ளி சென்சாரின் மேல் சரியாக விழுந்தால் ரோமம் கூர்மையாக இருக்கும். சென்சாருக்கு முன்னாலோ பின்னாலோ விழுந்தால் பதிவாவது புள்ளி அல்ல, ஒரு வட்டம். வட்டம் சிறிதாக இருக்கும்வரை நம் கண் அதைப் புள்ளியென்றே ஏற்றுக்கொள்ளும். பெரிதானால் மங்கல் என்கிறோம். ரோமம் கூர்மைத் தளத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ, அவ்வளவு பெரியது வட்டம். இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் மீதியெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

தெருவைப் படமெடுக்கும்போது கூர்மை பல மீட்டர் ஆழத்துக்குக் கிடைக்கும். பொருளும் அதன் பிம்பமும் ஒரே அளவாக இருக்கும் 1:1 நிலையில், ஃபுல் ஃபிரேம் கேமராவில், f/8 அபெர்ச்சரில் (லென்ஸின் துளை அளவு) அது சுமார் 1 மி.மீ.தான். உருப்பெருக்கத்தை இரண்டு மடங்காக்கினால் 0.36 மி.மீ. ஆகச் சுருங்கும். ஐந்து மடங்காக்கி f/2.8 வைத்தால் 0.04 மி.மீ.; தலைமுடியின் பருமன்கூட இல்லை.

அபெர்ச்சரை இன்னும் சுருக்கினால் ஆழம் கூடுமே என்று தோன்றும். கூடத்தான் செய்யும். ஆனால் ஒளி அலையாகப் பயணிப்பது. சிறு துளைக்குள் நுழையும்போது அதன் விளிம்பில் வளைந்து பரவிவிடும். 1:1 நிலையில் லென்ஸ் சென்சாரிலிருந்து விலகி நிற்பதால், f/16 என்று நாம் வைத்தது f/32 போல நடந்துகொள்ளும். அப்போது பச்சை ஒளியின் ஒற்றைப் புள்ளி சென்சாரில் 43 மைக்ரான் அகலத்துக்குப் பரவும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் ஒரு பிக்சலின் அகலமோ 6 மைக்ரான். அதாவது, காலில் இருந்த மங்கலைக் குறைக்கப் போய்க் கண்ணிலும் காலிலும் ரோமத்திலும் சமமாக மங்கலைப் பூசிவிடுகிறோம். இது லென்ஸின் விலையைப் பொறுத்த குறை அல்ல. எத்தனை லட்சம் கொடுத்து வாங்கினாலும் இந்த எல்லை இருக்கும்.

ஒரே படத்தில் முடியாததைப் பல படங்களில் எடுத்துச் சேர்ப்பதுதான் ஃபோகஸ் ஸ்டாக்கிங். வாழைத்தண்டை வில்லை வில்லையாக அரிவதுபோல் சிலந்தியின் உடலை முன்னிருந்து பின்னாகக் கூர்மைத் தளங்களாக அரிகிறோம். ஒவ்வொரு படத்திலும் ஒரு வில்லை மட்டும் தெளிவாக இருக்கும். வில்லைகளுக்கு இடையே இடைவெளி விழாமல் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறியிருக்க வேண்டும். இரண்டு மடங்கு உருப்பெருக்கத்தில் ஒரு படிக்கு 0.25 மி.மீ. என்று நகர்ந்தால், 3 மி.மீ. ஆழமுள்ள தலைப்பகுதிக்கு 12 படங்கள் போதும். உடல் முழுவதும் வேண்டுமானால் 40 படங்கள்.

கணினி வருவதற்கு முன்பே இதைக் கையால் செய்தவர்கள் இருந்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்து வரைந்த இயற்கையாளர்களுக்கும் ஒரு நேரத்தில் ஒரு மெல்லிய தளம்தான் தெரிந்தது. திருகைத் திருப்பி, தெரிந்ததை வரைந்து, மறுபடி திருப்பி, அடுத்த தளத்தை அதே தாளில் சேர்த்தார்கள். பிரெஞ்சு இயற்கையாளர் ழூல் சேசார் சவீனி 1798-ல் நெப்போலியனின் படையெடுப்போடு எகிப்துக்குப் போன அறிஞர் குழுவில் ஒருவர். அவருடைய சிலந்திப் படங்களில் கண்களின் வரிசையும் காலின் நகங்களும் தனித்தனியாகத் தெரியும். அந்தப் படங்களுக்கு விளக்கம் எழுத அவரால் முடியவில்லை. கண்நோய் அவருடைய பார்வையைக் கெடுத்துவிட்டது. ழான் விக்டர் ஔதுவான் என்ற மற்றொருவர் 1826-ல் அதை எழுதினார். நம் சுவரில் திரியும் பிளெக்ஸிப்பஸ் பேகுல்லி, பூந்தொட்டிகளிடையே திரியும் அதன் உறவு ஹஸாரியஸ் அடன்சோனி இரண்டுக்கும் அறிவியல் உலகில் முதல் விளக்கம் அதுதான். மனிதர் போன கப்பலிலும் சரக்கிலும் ஏறி உலகின் வெப்பநாடுகளெங்கும் பரவிய இனங்கள் இவை. இவற்றை முதலில் ஊன்றிப் பார்த்தவர் கண்ணை இழந்தார் என்பது எனக்கு மறக்க முடியாத செய்தி.

இன்று சவீனியின் திருகையும் கையையும் சாஃப்ட்வேர் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் இரண்டும் இதற்கென்றே வந்தவை. ஃபோட்டோஷாப்பிலும் இந்த வசதி உண்டு. முதல் வேலை, படங்களை ஒன்றோடொன்று பொருத்துவது. ஃபோகஸ் மாறும்போது பிம்பத்தின் அளவும் சிறிது மாறும். கை சிறிது ஆடியிருக்கும். அதையெல்லாம் சரிசெய்த பிறகு, படத்தின் ஒவ்வொரு சிறு பகுதியையும் எல்லாப் படங்களிலும் ஒப்பிடும். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையே வெளிச்ச வேறுபாடு எந்தப் படத்தில் அதிகமோ, அந்தப் பகுதி அங்கேதான் கூர்மை. ஏனென்றால் மங்கல் என்பது பக்கத்துப் புள்ளிகளைக் கலந்துவிடுவது; கலந்தால் வேறுபாடு குறையும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடப்பக்கக் கண் 7-ஆம் படத்தில் கூர்மை, முதுகின் ரோமம் 22-ஆம் படத்தில் கூர்மை என்று சாஃப்ட்வேர் கண்டுபிடித்த கணமே, கண்ணுக்கும் முதுகுக்கும் நடுவே 15 படித் தூரம் என்பதும் அதற்குத் தெரிந்துவிடுகிறது. யாரும் அளக்கவில்லை. மங்கலே அளந்து கொடுத்தது. இந்த எண்களை மட்டும் தனியே எடுத்தால் சிலந்தியின் மேடு பள்ளங்களின் வரைபடம் கையில் வந்துவிடும். ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்றால் மங்கலை நீக்கும் வித்தை என்றுதான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. மங்கலைப் படித்துத் தூரத்தை அறியும் வித்தை என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

சிலந்தி இந்த சாஃப்ட்வேருக்குக் கடினமான பரீட்சை. காரணம் ரோமம். முன்னால் ஒரு ரோமம் நிற்கிறது, அதற்குப் பின்னால் 1 மி.மீ. தள்ளி உடல் இருக்கிறது என்று வையுங்கள். ரோமத்தைக் கூர்மையாக எடுத்த படத்தில் உடல் மங்கல். உடலைக் கூர்மையாக எடுத்த படத்தில் ரோமம் மங்கி, பருத்து, தன்னைச் சுற்றியுள்ள உடல் பகுதியின் மேல் புகைபோலப் படர்ந்திருக்கும். ரோமத்தை ஒட்டிய அந்த இடத்தில் உடல் எந்தப் படத்திலும் தெளிவாக இல்லை. எடுக்காத தகவலை எந்தக் கணக்காலும் கொண்டுவர முடியாது. முடிவான படத்தில் ரோமங்களைச் சுற்றி மெல்லிய ஒளிவளையம் தெரிவது இதனால்தான்.

படங்களைச் சேர்க்க இரண்டு வழிகளைக் கையாள்கிறார்கள். ஆழ வரைபடம் வைத்து, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பது ஒன்று. வண்ணமும் வழவழப்பும் இயல்பாக வரும். ரோமம் குறுக்கிடும் இடத்தில் தடுமாறும். மற்றது, 1983-ல் பர்ட், அடெல்சன் இருவரும் விவரித்த பிரமிட் முறையிலிருந்து வந்தது. படத்தை நுண்ணிய விவரம், நடுத்தர விவரம், பெரிய விவரம் என்று அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் வலுவான விவரத்தைத் தனித்தனியே எடுத்துக் கடைசியில் சேர்ப்பது. ரோமத்தின்மேல் ரோமம் விழும் சிக்கலை இது நன்றாகத் தீர்க்கும். ஆனால் படத்தில் இருக்கும் சிறு புள்ளிக் கோளாறுகளையும் விவரம் என்று நம்பிச் சேர்த்துக்கொள்ளும். தேர்ந்தவர்கள் இரண்டையும் செய்து, கண்ணுக்கு ஒன்று ரோமத்துக்கு ஒன்று என்று கையால் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். சவீனியின் வேலை முழுவதும் மறைந்துவிடவில்லை.

கருவிக்கு அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பழைய 50 மி.மீ. லென்ஸைத் திருப்பிப் பொருத்தும் ரிவர்ஸ் ரிங் போதும். ஏறத்தாழ 1:1 கிடைக்கும். 28 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் இரண்டு மடங்குக்குமேல். அபெர்ச்சர் வளையம் லென்ஸிலேயே இருக்கும் பழைய வகை இதற்கு வசதி. போன் கேமராவுக்கு ஒரு சாதகம் உண்டு: அதன் சென்சார் சிறியது என்பதால் அதே காட்சியை அடக்க உருப்பெருக்கம் குறைவாகவே தேவைப்படுகிறது, கூர்மை ஆழமும் அதற்கேற்பக் கூடுகிறது. கிளிப் லென்ஸ் மாட்டிய போனில் நல்ல சிலந்திப் படங்கள் வருகின்றன.

உயிருள்ள சிலந்திக்கு ட்ரைபாட் உதவாது. அது நிமிடக்கணக்கில் நமக்காகக் காத்திருக்காது. கேமராவைக் கையில் பிடித்து, ஃபோகஸைப் பூட்டிவிட்டு, மூச்சடக்கி உடலை மெல்ல முன்னால் சாய்த்தபடியே தொடர்ச்சியாகப் படங்கள் எடுப்பதே நடைமுறை. ஃபிளாஷைக் குறைந்த வலுவில் வைத்தால் அதன் மின்னல் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு நொடிதான் நீடிக்கும். கையின் ஆட்டம் அதற்குள் உறைந்துவிடும். ஃபிளாஷுக்கும் சிலந்திக்கும் இடையே ஒளியைப் பரப்பும் வெள்ளை டிஃப்யூசர் கட்டாயம் வேண்டும். குதிக்கும் சிலந்தியின் கண் உருண்டையான கண்ணாடி. எதிரில் இருப்பதை அப்படியே காட்டும். ஃபிளாஷை நேராக அடித்தால் கண்ணில் குத்தும் வெள்ளைப் புள்ளி விழும். அகலமான டிஃப்யூசர் வைத்தால் அதே கண்ணின் வளைவு தெரியும். விடியற்காலைக் குளிரில் சிலந்திகள் மந்தமாக இருக்கும். இரையைப் பிடித்துத் தின்னும்போதும் இடம்விட்டு நகராது. இந்த இரண்டு வேளைகளையும் விடாதீர்கள்.

குதிக்கும் சிலந்திக்கு அடுத்தபடி படமெடுக்க நான் சொல்வது மாடிப்படிக்கு அடியிலும் குளியலறை மூலையிலும் தலைகீழாகத் தொங்கும் நீண்ட கால் சிலந்தியை. கிராஸோப்ரைஸா லையோனி என்பது இதில் பரவலான இனம். ஒட்டடை என்று துடைப்பத்தால் நாம் இழுப்பது பெரும்பாலும் இதன் வலையைத்தான். டெங்கு பரப்பும் கொசுக்களை இது தின்பதைத் தாய்லாந்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். தாய்ச் சிலந்தி முட்டைகளைச் சில இழைகளால் மட்டும் கட்டி வாயில் கவ்வியபடி தொங்கும். உறை இல்லாததுபோலவே இருப்பதால் ஸ்டாக் செய்த படத்தில் முட்டைகளை எண்ணிவிடலாம். பொரிந்த குஞ்சுகளும் சில நாள் அங்கேயே கொத்தாக இருக்கும். மூச்சுக்காற்று பட்டால் போதும், வலையோடு சேர்ந்து உடலைச் சுழற்றத் தொடங்கிவிடும். அது அடங்கும்வரை கேமராவுக்கு வேலையில்லை.

வெள்ளையடித்த சுவரில் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டுகள் ஒட்டியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அழுக்கு என்று தேய்த்துவிடுகிறோம். அவற்றில் பலவும் ஈகோபியஸ் என்ற சிலந்தியின் தட்டையான கூடாரங்கள். உள்ளே இருப்பவர் 3 மி.மீ.க்கும் குறைவு. எறும்பு வந்தால் அதைச் சுற்றிச் சுற்றி ஓடி இழையால் கட்டிப்போட்ட பிறகே கடிக்கும். இதற்கு மூன்று நான்கு மடங்கு உருப்பெருக்கம் வேண்டும். கரப்பானைப் பிடிக்க இரவில் வரும் பெரிய தட்டைச் சிலந்தி, ஹெட்டெரோபோடா வெனட்டோரியா, கைவிரல்கள் அகலத்துக்குக் கால் விரிப்பது. பலர் அலறிவிடுவார்கள். தாய், வட்டமான முட்டைப் பையை வயிற்றுக்கடியில் அணைத்தபடி திரியும். இங்கே நான் சொன்ன எந்தச் சிலந்தியும் மனிதரைத் தேடி வந்து கடிப்பதில்லை.

மறுபடி குதிக்கும் சிலந்தியின் கண்ணுக்கு வருகிறேன். வரிசையாக எடுத்த படங்களைக் கணினியில் புரட்டும்போது ஒரு விசித்திரம் தெரியும். முன்கண் ஒரு படத்தில் கறுப்பாக இருக்கும், அடுத்ததில் தேன்நிறம் எட்டிப் பார்க்கும், மறுபடி கறுப்பு. சிலந்தி தலையை அசைக்கவே இல்லை. அதன் கண் ஒரு நீண்ட குழல். முன்னால் உள்ள லென்ஸ் தலையோட்டோடு ஒட்டியது, அசையாது. குழலின் பின்முனையில் இருக்கும் விழித்திரையைத்தான் ஆறு தசைகள் இழுத்துத் திருப்புகின்றன. விழித்திரை நம்மை நோக்கி நேராக நிற்கும்போது கண் கறுப்பு. வேறு பக்கம் பார்க்கும்போது குழலின் உட்சுவர் தேன்நிறமாகத் தெரியும். நமக்கு ஸ்டாக்கிங்கில் தொல்லை தரும் நிறமாற்றம், உண்மையில் சிலந்தி நம் முகத்தை ஊன்றிப் பார்ப்பதன் பதிவு.

லென்ஸ் அசையாது என்றால் அதனால் ஃபோகஸ் மாற்றவும் முடியாது. ஆனாலும் பல செ.மீ. தள்ளி இருக்கும் ஈயின் மேல் பிசகாமல் பாய்கிறது. தூரத்தை எப்படி அறிகிறது? ஜப்பானில் ஒசாகா மாநகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தகாஷி நகாதா, அகிஹிஸா தெரகிதா முதலியோர் 2012-ல் சயன்ஸ் இதழில் இதற்கு விடை சொன்னார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது, சவீனி வரைந்த அதே ஹஸாரியஸ் அடன்சோனி.

இந்தச் சிலந்தியின் முதன்மைக் கண்ணில் விழித்திரை நான்கு அடுக்காக இருக்கிறது. பின்னால் உள்ள இரண்டு அடுக்குகளும் பச்சை ஒளியை உணர்பவை. கடைசி அடுக்கில் பச்சைப் பிம்பம் கூர்மையாக விழுகிறது. அதற்கு முன்னால் உள்ள அடுக்கில் அது எப்போதும் மங்கலாகவே விழும். பயனற்ற அடுக்கு என்று தோன்றும். ஆனால் இரை எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவுக்குப் பிம்பம் பின்னால் தள்ளிப் போகிறது. முன் அடுக்கின் மங்கலும் அவ்வளவுக்குக் கூடுகிறது. கூர்மையையும் மங்கலையும் ஒப்பிட்டால் தூரம் கிடைத்துவிடும். இதைச் சோதிக்க அவர்கள் விளக்கின் நிறத்தை மாற்றினார்கள். பச்சை விளக்கில் பாய்ச்சல் சரியாக விழுந்தது. சிவப்பு விளக்கில் சிலந்தி இரைக்கு முன்பாகவே விழுந்தது. சிவப்பொளி லென்ஸில் குறைவாக வளைவதால் இன்னும் பின்னால் தள்ளிச் சேர்கிறது, மங்கல் கூடுகிறது, இரை உண்மையில் இருப்பதைவிட அருகில் இருக்கிறது என்று சிலந்தி கணக்குப் போட்டுவிடுகிறது.

சாஃப்ட்வேர் 40 படங்களில் செய்வதை, நம் பூந்தொட்டியில் இருக்கும் 8 மி.மீ. சிலந்தி இரண்டே அடுக்குகளில், ஒரே பார்வையில் செய்கிறது. மனிதர் மங்கலைத் தொல்லை என்று துரத்திக்கொண்டிருந்த காலமெல்லாம் அது மங்கலை வைத்து இரை பிடித்துக்கொண்டிருந்தது. இந்தச் செய்தி தெரிந்த பிறகு இதன் படத்தை என்னால் வெறும் அழகுப் படமாகப் பார்க்க முடியவில்லை.

இறந்த பூச்சிகளை வைத்து இந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் இங்கிலாந்தின் லெவான் பிஸ். 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்த அவருடைய ஒவ்வொரு பூச்சிப் படமும் 8,000-க்கும் மேற்பட்ட படங்களின் கூட்டு. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 10 மைக்ரான் இடைவெளி. அருங்காட்சியகத்தில் ஏற்கெனவே இருந்த மாதிரிகள் அவை, உடல் கெட்டியான பூச்சிகள். அதைப் பார்த்துவிட்டு வீட்டுச் சிலந்தியைக் கொன்று மேசையில் வைத்து எடுக்கலாம் என்று நினைப்பது தவறு. அறிவியலாகவும் அது தோற்கும். சிலந்தி தன் காலின் முக்கிய மூட்டுகளைத் தசையால் நீட்டுவதில்லை, உடல் திரவத்தின் அழுத்தத்தால் நீட்டுகிறது. இறந்ததும் அழுத்தம் போய்க் கால்கள் உள்நோக்கிச் சுருண்டுவிடும். வயிறு மென்மையானது, காய்ந்தால் சுருங்கிவிடும். அதனால்தான் அருங்காட்சியகங்களில் சிலந்தியை ஊசியில் குத்தாமல் ஆல்கஹாலில் போட்டு வைக்கிறார்கள், அங்கே நிறம் வெளிறிவிடும். தேன்நிறத்துக்கும் கறுப்புக்கும் மாறும் அந்தக் கண் உயிரோடு இருக்கும்போது மட்டுமே உண்டு.

ஆகவே படத்துக்காகச் சிலந்தியைக் கொல்லாதீர்கள். அசையாமல் இருக்க வேண்டும் என்று குளிர்பெட்டியில் வைக்கும் பழக்கமும் வேண்டாம். 40 படங்கள் கிடைக்காவிட்டால் 6 படங்களின் கூட்டு போதும். கண்களும் முன்கால்களும் அதில் வந்துவிடும். எடுத்த படத்தை ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலோ இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலோ ஏற்றுங்கள். ஊர், தேதி, சுவரா செடியா, எத்தனை படங்களின் கூட்டு என்பதைச் சேர்த்து எழுதுங்கள். இனத்தை உறுதி செய்ய நிபுணர்கள் முகத்தைவிட, ஆணின் வாயருகே உள்ள பால்ப் எனும் குட்டைக் கைகளையும் பெண்ணின் வயிற்று அடிப்பக்கத்தையும்தான் பார்ப்பார்கள். முடிந்தால் அந்தக் கோணத்திலும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.